கரன்ட் போகும், வெயில் போகுமா?

ஒரு வீட்டுக்குள் நுழையும் முன்னால் அதன் மின் மீட்டரைப் பார்த்துவிடுவது என் பழக்கம். வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று சிலர் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் பக்கம் மீட்டர் பெரும்பாலும் வீட்டின் பக்கச் சுவரில், குப்பைத் தொட்டிக்கு மேலே இருக்கும். இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் உள்ளே ஏசி எந்த வேகத்தில் ஓடுகிறது, கராஜில் காருக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று ஒரு மாதிரி பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு காலிங் பெல்லை அழுத்தினால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

விசாரணைக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. என் ஆங்கிலம் விற்பதற்கென்று பழகிய ஆங்கிலம். அதில் உண்மையை எழுதினாலும் ஏதோ ஆஃபர் மாதிரியே இருக்கும்.

என் பெயர் ஃபிரெடி. லைசென்ஸில் உள்ள நீளமான பெயர் உங்கள் ஃபைலில் இருக்கிறது. வீடுகளின் கூரையில் சோலார் பேனல் போட்டுக் கொடுக்கிறேன். ஒன்பது வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் கூரை. பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி உப்பளத்தில். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, வெயிலை விற்கிறவன் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே வெயில்தான் முதலாளி. பாத்தியில் நிற்கிற தண்ணீரை அது உப்பாக்கும். ஆட்கள் அதை வாரி, தலையில் சுமந்து, அம்பாரத்தில் கொட்டுவார்கள். என் அம்மாவும் சுமந்தாள். அங்கே ஒரு கங்காணி இருந்தார். சுமக்கிற பெண்கள் தள்ளாடினால் அவர் திட்ட மாட்டார். "இன்னும் ரெண்டே நடைதாம்மா" என்பார். அந்த ரெண்டு முடிந்ததும் மறுபடியும் ரெண்டு. நாற்பது நடையை அவர் ரெண்டு ரெண்டாகவே நடத்திவிடுவார். காலையிலேயே நாற்பது என்று சொல்லியிருந்தால் எவள் கூடையைத் தொட்டிருப்பாள்? அவர் எனக்கு எதுவும் கற்றுத் தரவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் விவரமாகக் கேட்டதால் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ரிச்சர்ட்சனிலிருந்து வடகிழக்காக இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் எங்கள் ஊர். டெக்சாஸில் பல ஊர்களில் கரன்ட் கம்பெனியை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சட்டை மாற்றுவது போல் கம்பெனி மாற்றுகிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. கரன்ட் நகராட்சியுடையது. கம்பம், கம்பி, மீட்டர் எல்லாம் அவர்களுடையது. தண்ணீருக்கும் குப்பைக்கும் கரன்டுக்கும் ஒரே பில். விதி எழுதுவது கவுன்சில்.

கூரையில் பேனல் போட்டதும் நகராட்சி ஆள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கணக்கு எடுக்கிற மீட்டரை மாட்டுவார். பகலில் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது கூரை கரன்ட் உண்டாக்கும். வீட்டில் செலவழிக்க ஆளில்லை. மிச்சம் கம்பி வழியாக வெளியே போய்ப் பக்கத்து வீட்டு ஏசியை ஓட்டும். சாயங்காலம் நீங்கள் வந்து லைட்டைப் போட்டால் நகராட்சி கரன்ட் உள்ளே வரும். உள்ளே வந்த யூனிட்டிலிருந்து வெளியே போன யூனிட்டைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பில். நெட் மீட்டரிங் என்பது இவ்வளவுதான். நான் இதை இட்லி மாவை வைத்து விளக்குவேன். "உங்க வீட்ல மாவு மிச்சம்னா பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறீங்க. உங்களுக்கு வேணும்னா அவங்க குடுக்கறாங்க. கிண்ணத்துக்குக் கிண்ணம் நேர்." இதில் தலையாட்டாத தமிழ்க் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

சின்ன விஷயங்களில் நான் மிகவும் நேர்மையானவன். தேவைக்கு மேல் பேனல் போடச் சொல்ல மாட்டேன். வருடக் கடைசியில் மிச்சமாக நிற்கிற யூனிட்டை நகராட்சி ஏதோ பிச்சை விலைக்குத்தான் எடுத்துக்கொள்ளும். அதையும் சொல்லிவிடுவேன். வடக்குப் பார்த்த கூரை என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெனிஷும் ஜெபினாவும் போன ஆகஸ்டில் எங்கள் ஊரில் வீடு வாங்கினார்கள். பெனிஷ் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் இருக்கிறான். ஜெபினா வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். ஒரே பெண் ஜோவானாவுக்கு ஆறு வயது. கூட, ஜெபினாவின் அப்பா ஜெபதாஸ். தூத்துக்குடித் துறைமுகத்தில் கரி இறக்கிய ஆள். ஜூனில் விசிட்டர் விசாவில் வந்தார், ஜூலையில் நிமோனியா. அதற்கு முன்பே கரித்தூள் தின்ற நெஞ்சு. ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் இருக்கக்கூடாது, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாவை நீட்டிக்க அப்ளை பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் என்றால் ஒரு சூட்கேஸ் அளவு. சுவரில் ப்ளக்கை மாட்டினால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்குக் கொடுக்கும். ராத்திரி பகல் என்று பார்க்காமல் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவர்கள் டைனிங் டேபிளில் என் ஐபேடை விரித்தேன். பெரியவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தூருலே நீ?"

"தூத்துக்குடிதான் மாமா. முத்தையாபுரம் பக்கம்."

"உப்பளமா?"

"ஆமா மாமா."

"கையக் காட்டு."

காட்டினேன். விரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"உப்பளத்தான் கையா இது? இந்தக் கண்ணாடிப் பொட்டியத் தேச்சுத் தேச்சு வழுவழுன்னு ஆயிட்டு. ஒங்க அம்மா பாத்தா அழுதுருவா."

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் ஜெபினா. எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் எனக்கு அந்த நிமிடமே இடம் கிடைத்துவிட்டது. பெனிஷ் கேட்ட கேள்வி எல்லாம் எக்செல் ஷீட்டில் போடுகிற கேள்வி. அவற்றுக்குப் பதில் சொல்லி முடித்து, கையெழுத்துக்கு ஐபேடைத் திருப்பும்போது மாமா மிஷினைத் தட்டினார்.

"எல்லாஞ் சரிதாம்லே. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கரன்ட் போச்சுன்னா இது ஓடுமா?"

பெனிஷ் நிமிர்ந்தான். ஜெபினாவும் என்னைப் பார்த்தாள்.

"மாமா, கரன்ட் போகும். வெயில் போகுமா?"

அவர் டேபிளைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஜெபினா தண்ணீர் கொண்டுவந்தாள். "பாத்தியாட்டி, உப்பளத்தான் பதில" என்றார் அவளிடம். பெனிஷ் கையெழுத்துப் போட்டான்.

நான் ஓடும் என்று சொல்லவில்லை. ஓடாது என்றும் சொல்லவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பதில் என்னவோ ஓடாது என்பதுதான். இட்லி மாவு உதாரணத்தில் ஒரு ஓட்டை உண்டு. பக்கத்து வீடு பூட்டியிருந்தால் உங்கள் மாவை நீங்கள் ஊற்றிச் சாப்பிடலாம். இதில் அது நடக்காது. நகராட்சிக் கம்பியில் கரன்ட் நின்றால், கூரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உங்கள் சோலாரும் நின்றுவிடும். உங்கள் கரன்ட் வெளியே பாய்ந்து கம்பத்தில் ஏறிய லைன்மேனைக் கொன்றுவிடக்கூடாது என்று, பேனல் கரன்டை வீட்டுக் கரன்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் பெட்டி தானாகவே அணைந்துகொள்ளும். நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். தனியாகப் பேட்டரி வாங்கி வைத்தால் வீட்டை ஊரிலிருந்து பிரித்து ஓட்டலாம். ஆனால் பேட்டரி விலையைச் சொன்னதுமே பாதிப் பேர் டீ போட எழுந்து போய்விடுவார்கள். பிறகு அவர்களை உட்காரவைப்பது கஷ்டம்.

இது பயிற்சியின் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். நகராட்சி ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பெனிஷ் இனிஷியல் போட்டிருக்கிறான். ஐபேடில் பதினோரு இடம். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று நான்தான் தள்ளிக் கொடுத்தேன். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் முக்கியமாகக் கேட்ட அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

நகராட்சி விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி உண்டா? ஆம் என்று குறித்தால் நகராட்சி இன்ஜினியர் நேரில் வருவார். கரன்ட் போனால் சோலார் வேலை செய்யாது என்று வீட்டு ஆட்களை உட்காரவைத்து விளக்குவார், தனியாகக் கையெழுத்து வாங்குவார், அந்த வீட்டை அவசரப் பட்டியலில் சேர்ப்பார். கரன்ட் போனால் அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு முதலில் போன் போகும், தேவைப்பட்டால் வேன் போகும். இதற்கெல்லாம் மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் எனக்குப் பெரிதில்லை. இன்ஜினியர் விளக்கிய பிறகு மாமா என்ன சொல்வார் என்பதுதான் பெரிது. விண்ணப்பத்தை நிரப்புவது நான். இல்லை என்பதில் விரலை வைத்தேன். மிஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பரில் பேனல் ஏறியது. இருபத்திரண்டு பேனல், தெற்குக் கூரை, அழகான வேலை. மீட்டரை மாற்ற வந்த அன்று மாமா நீளக் குழாயை இழுத்துக்கொண்டு பக்கக் கதவு வரை வந்து நின்று பார்த்தார். மீட்டர் திரையில் ஒரு குட்டி அம்பு உண்டு. கரன்ட் உள்ளே வந்தால் ஒரு பக்கம் காட்டும், வெளியே போனால் மறுபக்கம். பகல் பதினொன்றுக்கு அது வெளிப்பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து அவருக்கு அதே வேலையாகிவிட்டது. ஜெபினா அவர் போனில் ஆப் போட்டுக் கொடுத்தாள். தினமும் மூன்று மணிக்கு எனக்கு வாட்ஸப்பில் குரல் வரும்.

"ஏலே ஃபிரெடி, இன்னைக்கு ஊருக்குப் பதினாலு யூனிட் குடுத்திருக்கேன். ஆயுசு பூரா அடுத்தவன் சரக்க எறக்குனேன். இப்பந்தான் நம்ம சரக்கு வெளிய போவுது."

மழை நாட்களில் மூன்று யூனிட், நான்கு யூனிட் என்று வரும். "இன்னைக்கு யாவாரம் டல்லு" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. பெனிஷ் விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான், பேப்பர் நகரவில்லை. இங்கே கவுன்சில் விதியை மாற்றியது. பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் கிண்ணத்துக்குக் கிண்ணம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு, ஒரு கிண்ணம் கொடுத்தால் அரைக் கிண்ணம்கூடத் திரும்பாது. இந்த மாதிரி நேரம் எங்கள் தொழிலில் பொங்கல் மாதிரி. நம் ஆட்கள் ஆஃபர் முடிகிற தேதி வரை யோசிப்பார்கள், தேதி தெரிந்ததும் கூட்டமாக வருவார்கள். ஒருவர் போட்டால் ஒன்பது பேர் போடுவார்கள். எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்திலும் சங்கத்திலும் சேர்த்துப் பதினேழு குடும்பம் தயார். பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து ஹாலில் கையெழுத்து. அதில் மூன்று குடும்பம் ஜெபினாவின் தெருவில். எதிர்வீட்டு அஞ்சனா, தினமும் ஜெபினாவின் கூரையைப் பார்த்துப் பார்த்தே முடிவெடுத்தவள்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பனிப்புயல் வந்தது.

காலை ஏழு மணிக்கு ஜெபினா கூப்பிட்டாள்.

"அண்ணா, பவர் போயிடுச்சு. தெரு ஃபுல்லா இல்ல. சோலாரும் ஆன் ஆகல. இன்வெர்ட்டர்ல ரெட் லைட் எரியுது."

"பேனல் மேல ஐஸ் படிஞ்சிருக்கும்மா. அது உருகணும்ல."

ஐஸ் படிந்திருந்தது உண்மை.

"அப்பாவ ஆக்சிஜன் சிலிண்டர்ல போட்டிருக்கேன். மூணு இருக்கு. ஒண்ணு அஞ்சு மணி நேரம் வரும்னு எழுதியிருக்கு. பக்கத்து வீட்டு டுவெயின், அவரோட ட்ரக்ல ரெக் சென்டர் ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போறேங்கறார். அங்க சிட்டியோட ஜெனரேட்டர் இருக்காம். அப்பா வரமாட்டேன்னு அடம் பிடிக்கறார். போகட்டுமாண்ணா, இருக்கட்டுமா?"

பின்னால் மாமா குரல் கேட்டது. "எங்கயும் வரமாட்டேன். கண்டவன் பொரள்ற ஜிம்முல என்னய கட்டில் போட்டுக் கெடத்தப் போறியா?"

இது என் கையில் விழுந்த கேள்வி. போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அவரைத் தூக்கிக்கொண்டாவது போயிருப்பாள். போயிருந்தால் அங்கே நூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேர் நம் ஆட்கள். கூரையில் இருபத்திரண்டு பேனலை வைத்துக்கொண்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஒருவராவது கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

"வழுக்குற ரோட்ல வயசானவர எங்கம்மா இழுத்துட்டுப் போவீங்க. நாளைக்கு நல்ல வெயில்னு ஃபோர்காஸ்ட்ல இருக்கு. வெயில் வரட்டும். இருங்க."

"சிலிண்டர் பத்தாதேண்ணா."

"ஃப்ளோ எவ்வளவுல இருக்கு?"

"ரெண்டுல."

"ஒண்ணுல வைங்க. டபுள் டைம் வரும்."

மூன்று சிலிண்டர், ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதினைந்து. பாதியாகக் குறைத்தால் முப்பது. ஏழு மணியிலிருந்து முப்பது மணி நேரம் என்றால் மறுநாள் மதியம் ஒன்று. அதற்குள் லைன்மேன்கள் கம்பியைச் சரி பண்ணிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊர்க் கரன்ட் வந்ததும் சோலாரும் வரும். சோலாரால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் டாக்டர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வகுத்தல் பெருக்கல் தெரியும்.

டுவெயினை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்தான் உங்களிடம் முதலில் வந்து சொன்னவர் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் வீட்டிலும் கரன்ட் போயிருந்தது. ஆனால் என் கராஜ் வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். நான் சோலார் விற்கிறவன், கரன்ட் போனால் அது ஓடாது என்று எனக்குத் தெரியாதா? அதில் ஆக்சிஜன் மிஷின் ஒரே நேரத்தில் பத்து ஓட்டலாம். என் பிக்கப் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அவர்கள் வீடு பதினோரு நிமிடம், பனியில் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோய் வைக்கலாம் என்று நினைக்கத்தான் செய்தேன். சாவியைக்கூட எடுத்தேன். பிறகு அந்தத் தெருவை நினைத்துப் பார்த்தேன். சோலார் போட்ட வீட்டு வாசலில் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது, அதை இறக்குகிறவன் சோலார் போட்ட ஃபிரெடி, எதிர் ஜன்னலில் அஞ்சனா. சாவியை மாட்டிவிட்டேன். ஃப்ரீஸரில் வஞ்சிரம் நான்கு கிலோ இருந்தது, எடிசன் ஊரிலிருந்து தம்பி அனுப்பியது. ஜெனரேட்டரை எடுத்துப்போனால் அதுவும் கெட்டுவிடும். மீனை வெளியே பனியில் வைத்திருந்தாலே கெட்டிருக்காது என்பது ரொம்பப் பின்னால்தான் தோன்றியது.

செவ்வாய் முழுக்க அவள் ஆறு தடவை கூப்பிட்டாள். ஆறு தடவையும் எடுத்தேன். வாடிக்கையாளர் போனை எடுக்காமல் விடுகிற ஆளில்லை நான். வீட்டில் கேஸ் அடுப்பும் கேஸ் கணப்பும் இருந்ததால் குளிருக்குப் பயமில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். "அப்பா ரொம்ப டயர்டா இருக்கார்" என்றாள். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

புதன்கிழமை சொன்ன மாதிரியே வெயில் வந்தது. அப்படி ஒரு வெயில். வானத்தில் துடைத்துவிட்டது போல ஒரு மேகம் கிடையாது. பத்து மணிக்கெல்லாம் கூரையிலிருந்து ஐஸ் தகடு தகடாகச் சரிந்து விழுந்தது. பத்தே காலுக்குப் போன்.

"அண்ணா, பேனல் ஃபுல்லா க்ளியர். பளபளன்னு இருக்கு. இன்னும் ரெட் லைட்தான். ஸ்கிரீன்ல 'நோ கிரிட்'னு வருது. அப்படின்னா என்ன?"

அப்படியென்றால் ஊர்க் கம்பியில் கரன்ட் இல்லை, அது வரும்வரை நான் வேலை செய்ய மாட்டேன் என்று அர்த்தம். இன்வெர்ட்டர் என்னைவிட ஒழுங்காக உண்மை சொல்லிக்கொண்டிருந்தது.

"அது தேடிட்டு இருக்கும்மா. ரெட் லைட்டப் பாத்துப் பயப்படாதீங்க. சூடாகி வரக் கொஞ்சம் டைம் எடுக்கும்."

"தாத்தா, இட்ஸ் ஸோ சன்னி" என்று ஜோவானா பின்னால் குதிப்பது கேட்டது. மாமா போனை வாங்கினார். மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று வந்தது.

"ஏலே... வெயிலு... வந்துட்டு. எங்கலே... ஒன் கரன்ட்டு?"

"பத்து நிமிஷம் மாமா."

"மெய்யாவா?"

"பத்தே நிமிஷம்."

"நம்ம ஊருப் பய" என்று அவர் ஜெபினாவிடம் சொன்னார். "சொன்னா... செய்வான். பொறுட்டி."

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதாகவும், அவர்தான் பத்து நிமிஷம் பார்ப்போம் என்றதாகவும் பிறகு சொன்னாள். பத்தரைக்கு மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு பத்து நிமிடம் சொன்னேன். பதினொன்றுக்கும் சொன்னேன். பதினொன்றரைக்கும். மூன்றாவது சிலிண்டர் பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. என் கணக்கு பதினைந்து நிமிடம்தான் தவறியது. அதற்கு முன்பே பன்னிரண்டு மணிக்கு அவர் உதடு நீலமாகி, அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தாள். பனி ரோட்டில் அது வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது ஜன்னல் வழியாக வெயில் அவர் மடி வரை விழுந்திருந்ததாம். கையில் போன், அதில் அந்த ஆப் திறந்திருந்தது. யூனிட் பூஜ்யம்.

ஊர்க் கரன்ட் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் சோலாரும் வந்தது. நிறுவிய வேலையில் ஒரு குறையும் இல்லை.

நகராட்சி அந்த இரண்டு நாளில் அவசரப் பட்டியலில் இருந்த ஒன்பது வீட்டுக்கு வேன் அனுப்பியதாக நீங்கள் அனுப்பிய பேப்பரில் பார்த்தேன். ஒன்பது பேரும் நன்றாக இருக்கிறார்கள். உருப்படியான ஏற்பாடு. பத்தாவது வீடு ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டீர்கள். மேலே எழுதிவிட்டேன்.

மாமாவின் ஆத்துமாவுக்காகச் சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள். ஜெபினா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டு நாளும் யாருமே ஃபோன் எடுக்கலண்ணா. நீங்க மட்டுந்தான் ஒவ்வொரு வாட்டியும் எடுத்தீங்க."

பரவாயில்லைம்மா என்றேன்.

ஜெபம் முடிந்து ஹாலில் டீ கொடுத்தார்கள். சங்கத்தின் செயலாளர் சேனாபதி, நாசூக்குத் தெரியாத மனிதர், நேராக வந்து கேட்டார். "ஏங்க ஃபிரெடி, சோலார் இருந்துமா இப்படி?" டீ கப்போடு நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கரன்ட் போனால் சோலார் அணைந்துவிடும், லைன்மேன் பாதுகாப்புக்கான விதி அது, பேட்டரி இருந்தால் மட்டும்தான் வீடு தனியாக ஓடும், மாமா வீட்டில் பேட்டரி இல்லை. ஒன்பது வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக முழு உண்மையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அது நன்றாக விற்றது. பதினேழு குடும்பம் பத்தொன்பது ஆனது. பத்தொன்பதும் பேட்டரியோடு. இருபத்தெட்டாம் தேதிக்குள் எல்லா விண்ணப்பமும் உள்ளே போய்விட்டது. அதில் ஒரு வீட்டில் சர்க்கரை நோயாளிப் பாட்டிக்கு ராத்திரி மூச்சு மிஷின் உண்டு. மூன்றாம் பக்கத்தில் ஆம் என்று குறித்தேன். அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடாது என்று தெரிந்தே சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்துதான் சொன்னேன். டேபிளிலும் தெரியும், மூன்றாம் பக்கத்திலும் தெரியும், செவ்வாய்க்கிழமையும் தெரியும், ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் தெரியும். அவர் சாவார் என்று நினைத்தீர்களா என்று அடுத்த கேள்வி. புதன்கிழமை பதினொன்றுக்கு மேல் நினைத்தேன். அதற்குள் அத்தனை பத்து நிமிடம் சொல்லியாயிற்று. நடுவில் நிறுத்தினால் முதலில் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கங்காணி ஒருநாளும் பாதி வழியில் நிறுத்தி, இன்னும் முப்பது நடை இருக்கிறதம்மா என்று சொன்னதில்லை.

ஜெபினா மாமாவின் உடலோடு ஊருக்குப் போனாள். ஜோவானாவும் போய்விட்டது. பெனிஷ் பேப்பர் இன்னும் நகரவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கச் சுவரில் மீட்டரைப் பார்ப்பேன். பழக்கம்தானே. நல்ல சித்திரை வெயில். உள்ளே ஃப்ரிட்ஜ்கூட ஓடவில்லை. உண்டாகிறதெல்லாம் அப்படியே வெளியே போகிறது. அம்பு பகல் முழுக்க வெளிப்பக்கம்தான் நிற்கிறது. நேற்று மட்டும் நாற்பத்தொரு யூனிட் ஊருக்குப் போயிருக்கிறது. மாமா இருந்திருந்தால் மூன்று மணிக்கு அவர் குரல் வந்திருக்கும்.

என் கூரைகளில் இதுதான் நம்பர் ஒன். நான் போட்ட நாளிலிருந்து அது ஒருவரையும் ஏமாற்றியதில்லை.